சீரியல் முடியட்டும், எழுந்திருக்கிறேன்!

ராத்திரி ஏழரை மணிக்கு உங்கள் வீட்டு ஹாலில் என்ன நடக்கிறது என்று நான் இங்கேயிருந்தே சொல்லட்டுமா? அம்மா சோபாவின் ஓரத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டி கட்டிலில் சாய்ந்தபடி. அப்பா 'நான் இதெல்லாம் பார்க்கறதில்லை' என்று சொல்லிக்கொண்டே, பேப்பருக்கு மேலாக ஒரு கண்ணை டி.வி. பக்கம் வைத்திருக்கிறார். பேரக்குழந்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் போட்ட தோசையை மெல்லாமல் அப்படியே ஒதுக்கி வைத்திருக்கிறது. சரிதானே?

பயப்படாதீர்கள். 'டி.வி.யை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள்' என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டிவிடுவீர்கள்! எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம். அதைப் பார்க்கும்போது உங்கள் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதுதான் என் கவலை.

அன்றைக்கு முடிவு இருந்தது

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு சினிமா. நடுவில் 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்காக 'எதிரொலி'. அடிக்கடி 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. அந்தத் தடங்கலில்தான் நாம் எழுந்து தண்ணீர் குடித்தோம், கொல்லைப்பக்கம் போய் வந்தோம், பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு வார்த்தை பேசினோம்.

'ராமாயணம்' 1987 ஜனவரியில் ஆரம்பித்து 1988 ஜூலையில் முடிந்தது. மொத்தமே 78 பகுதிகள், வாரம் ஒன்று. அடுத்து வந்த 'மகாபாரதம்' 94 பகுதிகள். நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஹாஸ்டலில் இருந்த ஒரே டி.வி. முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் பிடிக்கப் போட்டா போட்டி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சகுனி சிரித்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்! ஒரு மணி நேரம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து மெஸ்ஸுக்குப் போய்விடுவோம். வேறு வழி? அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமே!

1993-ல் சன் டி.வி. வந்தது. 1999-ல் 'சித்தி'. அப்புறம் 'மெட்டி ஒலி', 'அண்ணாமலை'. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டி 2009-ல்தான் முடிந்தது. வாரத்துக்கு ஒன்று என்பது தினத்துக்கு ஒன்று ஆயிற்று. பிறகு தினத்துக்கு நாலு, ஐந்து. 2022-ல் 'பிக் பாஸ் அல்டிமேட்' வந்தபோது செல்போனில் 24 மணி நேரமும் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார்கள். இப்போது ஒரு பகுதி முடிந்தால், நீங்கள் விரல் அசைப்பதற்குள் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை மறுபடி போட்டது ஞாபகமிருக்கும். அன்றிலிருந்து பழைய தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அன்று ஒன்றரை வருஷத்தில் பார்த்ததை இன்று ஒன்றரை வாரத்தில் பார்த்து முடிக்கிறார்கள். கதை அதேதான், பார்க்கிற விதம்தான் மாறிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. தினம் இரண்டு மணி நேரம், வருஷத்தில் 300 நாள். மொத்தம் 600 மணி நேரம், அதாவது இரவு பகலாக 25 முழு நாட்கள்! அத்தனை நேரமும் உடம்பு ஒரே இடத்தில் கிடக்கிறது.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்று பதினான்கைச் சொல்வோம். இங்கே வேகம் என்றால் ஸ்பீடு இல்லை, உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் என்று பதினான்கு. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருநாள் ராத்திரி உங்கள் வீட்டு ஹாலைக் கவனித்துப் பாருங்கள். எத்தனை வேகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? சிறுநீர் முட்டுகிறது, 'இந்த சீன் முடியட்டும்'. தாகம் எடுக்கிறது, 'விளம்பரம் வரட்டும்'. கொட்டாவி வருகிறது, 'இன்னும் ஒண்ணுதான்'. விளம்பரம் வந்தாவது எழுந்திருக்கிறீர்களா என்றால், ரிமோட்டை அழுத்தி அடுத்த சேனலுக்குப் போய்விடுகிறீர்கள்!

என்னிடம் ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். 'எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வருது டாக்டர்' என்றார். சாயந்திரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆறரையிலிருந்து பத்து வரை சீரியல். 'நடுவுல பாத்ரூம் போவீங்களா?' அவர் சிரித்தார். 'அதுக்காகத்தான் டாக்டர் அஞ்சு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல!'

தண்ணீரும் குடிக்காமல், வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம். சர்க்கரை இருக்கிற உடம்பில் கிருமி தங்குவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு சீரியல் முடிந்ததும் பாத்ரூம் போய்விட்டு அரை டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அடுத்தது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். அந்த நிபந்தனையை அவர் விடாமல் கடைப்பிடித்தார். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவது நின்றது.

கண்ணீர் மட்டும் வரட்டும்!

பதினான்கில் ஒன்றை மட்டும் சீரியல் அடக்கச் சொல்வதில்லை. அது கண்ணீர்! 'சீரியலைப் பார்த்து அழுகிறாளே' என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யாதீர்கள். 'எங்க அப்பா போனப்ப வந்தவங்களுக்குக் காபி போடவே நேரம் சரியா இருந்தது டாக்டர். இப்பத்தான் டி.வி.யில ஒரு அப்பா செத்ததைப் பார்த்து அழுதேன்' என்று ஒரு பெண் சொன்னார். கண்ணீரை அடக்கினால் பீனிசம், கண்நோய் வரும் என்பது எங்கள் நூல்களின் கணக்கு. மனசும் லேசாகும். அழட்டும், விடுங்கள்.

அதேபோல் சிரிப்பு. 2019-ல் ஆரம்பித்த 'குக் வித் கோமாளி'யைப் பார்த்து வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறதென்றால் அதுவும் மருந்துதான். ஆனால் பார்த்து முடித்ததும் தினமும் அழுகை, எரிச்சல், 'நம்ம மருமகளும் இப்படித்தான்' என்று ஒரு சந்தேகம் வருகிறதா? அந்த நிகழ்ச்சி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர் அதை ஒதுக்குவதுபோல இதையும் ஒதுக்கிவிடுங்கள்.

தட்டும் டி.வி.யும்

டி.வி. முன்னால் சாப்பிடுபவர் அளவு தெரியாமல் சாப்பிடுவார். கண் படத்தில், கை தட்டில். வயிறு 'போதும்' என்று சொல்வது காதில் விழாது. அதிலும் ராத்திரி நேரத்தில் மிக்சர், சிப்ஸ், வறுத்த கடலை. உப்பும் எண்ணெயும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே போகும். மெல்லாமல் விழுங்கினால் ஏப்பமும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள், அல்லது இன்சுலின் குத்திக்கொள்கிறார்கள். 'இது முடிஞ்சதும் சாப்பிடறேன்' என்று ஒரு மணி நேரம் தள்ளிப் போடுகிறார்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல்... சர்க்கரை இறங்கிவிட்டது! உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டால் டாக்டர் சொன்ன நேரத்துக்குள் சாப்பாடு. கதாநாயகிக்குக் கல்யாணமே நடந்துகொண்டிருந்தாலும் சரி!

நெஞ்சு வலி காத்திருக்காது

'எதிர்நீச்சல்' பார்த்த எல்லோருக்கும் 'ஆதி குணசேகரன்' ஞாபகம் இருக்கும். அந்தப் பாத்திரத்தில் நடித்த நடிகர் மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போயிருந்த நாளில் மாரடைப்பால் காலமானார். தங்கள் வீட்டு மனிதர் போனதுபோல எத்தனையோ குடும்பங்கள் கலங்கின.

அவருக்காகக் கலங்கியவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை, மூச்சு வாங்கல் வந்தால் 'வாயு' என்று ஓமத் தண்ணீர் போட்டுக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் என்னிடமும் வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, இதய சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெரிய வலி இல்லாமலே, வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம்.

உட்கார்ந்தே இருப்பதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா? ஆஸ்திரேலியாவில் சுமார் 8,800 பேரை ஆறு வருஷத்துக்கு மேல் கவனித்து 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் டி.வி. பார்க்கும் நேரம் ஒரு மணி கூடக் கூட, இதய நோயால் இறக்கும் அபாயமும் கூடவே ஏறியிருந்தது. டி.வி.தான் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அதிக நேரம் உட்காருபவருக்கு மற்றப் பழக்கங்களும் மோசமாக இருக்கலாம். ஆனாலும், எழுந்து நடமாடுவதற்கு இது போதுமான காரணம்.

மருந்து விற்கும் டி.வி.

இனி சொல்லப்போவது என் சொந்தத் தொழிலைப் பற்றியது. அதனால் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1990-களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேச'த்தை மறக்க முடியுமா? 'ரகசியம்' பகுதியில் நவபாஷாண லிங்கம் வரும். அது ஓடிய பிறகு, 'நவபாஷாணம் கிடைக்குமா, தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கலாமா' என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இப்போது அதைச் செல்போனில் பார்த்துவிட்டு இளைஞர்கள் கேட்கிறார்கள். கதையை ரசியுங்கள். ஆனால் பாஷாணம் என்றால் விஷம். முறையான சுத்தி செய்யாத பாஷாணம் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். கடையில் 'நவபாஷாண மணி' என்று விற்பதை வாங்கி ஊறவைத்துக் குடிக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய கவலை, காலை நேரத்தில் வரும் சில மருத்துவ நிகழ்ச்சிகள். டாக்டர் பேசுவார், நேயர் போன் செய்வார், கீழே ஒரு நம்பர் ஓடும். பல நேரங்களில் அது காசு கொடுத்து வாங்கிய நேரம், அதாவது விளம்பரம். 'சர்க்கரையை அடியோடு ஒழிக்கலாம், ஊசியை நிறுத்திவிடுங்கள்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம் போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அது சித்த மருந்துக்கும் பொருந்தும்.

அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து இன்சுலினை நிறுத்திய ஒரு பெரியவரை, மூன்று வாரம் கழித்து என்னிடம் தூக்கி வந்தார்கள். வாயில் பழ வாசனை, மூச்சு வாங்கல், அரை மயக்கம். நாடி பார்க்கக்கூட நேரமில்லை, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்து வந்தார். நல்ல சித்த மருத்துவர் உங்களை நேரில் பார்க்காமல், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைக் கேட்காமல், போனிலேயே மருந்து சொல்லமாட்டார். இதை மட்டும் எழுதி டி.வி. பக்கத்தில் ஒட்டிவைத்தால்கூடத் தகும்.

குழந்தையும் தூக்கமும்

'டி.வி. போட்டால்தான் சாப்பிடறான்' என்பது இளம் தாய்மார்கள் எல்லோரும் சொல்வது. இரண்டு வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை தினம் ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பசி என்ற வேகம் எழும்புவதற்கு முன்னால் படத்தைக் காட்டி ஊட்டினால், பசி என்றால் என்னவென்றே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடும். ஒருவேளை குறைவாகச் சாப்பிட்டால் குடி முழுகாது. அடுத்த வேளை தானாகக் கேட்கும்.

பெரியவர்களுக்குத் தூக்கம். இரவு கண்விழித்தால் பித்தமும் வாதமும் மிஞ்சும் என்போம். தலை பாரம், கண் எரிச்சல், மலச்சிக்கல், காலையில் எல்லோர்மேலும் எரிந்து விழுவது. திரையின் வெளிச்சம், தூக்கம் வரவழைக்கும் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது என்று நவீன மருத்துவமும் சொல்கிறது. படுக்கையில் செல்போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு பழைய தொடர் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிப் பாருங்கள்

* எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிவரை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். செல்போனில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள்.
* விளம்பரம் வந்தால் எழுந்திருங்கள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷம்வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. அத்தனையும் உங்கள் நடைக்குக் கிடைத்த நேரம்! ஹாலுக்கும் அடுக்களைக்கும் நாலு நடை நடந்தாலே கால் வீக்கம் குறையும்.
* இருட்டில் பார்க்காதீர்கள். ஒரு விளக்காவது எரியட்டும். டி.வி. கண் மட்டத்தில் இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டடி தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்காருங்கள்.
* சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகக் குறையும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். எரிகிறதே என்று எலுமிச்சைச் சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடவேண்டாம்.
* பொன்னாங்கண்ணிக் கீரை வாரம் இரண்டு நாள் சேருங்கள். எண்ணெய்க் குளியல் வாரம் ஒன்று அல்லது இரண்டு. சளி, காய்ச்சல் உள்ளபோது வேண்டாம்.
* கொறிக்கத்தான் வேண்டுமென்றால் சுண்டல், பொரி. காபிக்குப் பதில் சுக்குமல்லி. ஒரு கிண்ணம் மட்டும், பாக்கெட்டோடு உட்காராதீர்கள்.
* இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தூக்கம் வராதவர்கள் வெதுவெதுப்பான பாலில் ஒரே ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் போட்டுச் சாப்பிடலாம். சிட்டிகைக்கு மேல் போனால் மயக்கம், படபடப்பு வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

பாட்டியின் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள்

இதைப் படித்துவிட்டு முதல் வேலையாகப் பாட்டியின் ரிமோட்டை ஒளித்துவைக்காதீர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரன் டியூஷனுக்குப் போய்விட, நாள் முழுக்க அவரோடு பேசுகிற ஒரே ஆள் அந்தப் பெட்டிதான். எண்பது வயதில் 'நேத்திக்கு என்ன ஆச்சு, இன்னைக்கு என்ன ஆகும்' என்று நினைவில் வைத்துக் கதை சொல்கிறாரே, அது மூளைக்குப் பயிற்சி.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் பாட்டியோடு உட்கார்ந்து அவருக்குப் பிடித்ததைப் பாருங்கள். முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, 'அந்த மாமியார் ஏன் அப்படிப் பண்ணினா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டி பேச ஆரம்பிப்பார். பேசப் பேச அது சீரியலை விட்டு உங்கள் தாத்தா வீட்டுக் கதைக்கு வந்துவிடும். அந்தக் கதைக்கு மறுஒளிபரப்பு கிடையாது. இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இதைப் படிக்க உட்கார்ந்து எவ்வளவு நேரமாயிற்று? எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்!